நாலுகால் ஜீவன்களுக்காக 42 கிலோமீட்டர்: பயனுள்ள 36 குறிப்புகள்

சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரி முதல் வாரத்தில் வரும். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கோவளம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது உள்ளூர்ப் பந்தயம் மாதிரிதான். ஓடுவதே ஓடுகிறோம், அதை வைத்து ஒரு விலங்குக் காப்பகத்துக்கு நாலு காசு திரட்டித் தரலாமே என்று நினைப்பவர்களுக்கும், அவர்களோடு விடியுமுன் எழுந்து அல்லாடும் வீட்டாருக்கும் இந்தக் குறிப்புகள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். கால் பலமும் சரி, நன்கொடையும் சரி, கடைசி வாரத்தில் வந்து சேராது. இரண்டும் சிறுவாடு மாதிரி: கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல், யாருக்கும் பாரமில்லாமல் சேர வேண்டும்.

முதல் அடிக்கு முன்

1. தூரத்தை முடிவு செய்யுங்கள். ஃபுல் மாரத்தான் 42.195 கிலோமீட்டர். ஹாஃப் என்றால் 21.1. இதுவரை 10 கிலோமீட்டர்கூட ஓடிப் பழகாதவர் இந்த வருடம் ஹாஃபோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காப்பகத்து நாய்க்குக் கிடைக்கும் சோறு நீங்கள் ஓடும் தூரத்தைப் பார்த்துக் குறையப் போவதில்லை.

2. டாக்டரைப் பார்த்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இதயநோய் இருந்தவர்கள் ஈசிஜி எடுத்து, 'ஓடலாம்' என்று டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். பெண்கள் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தசோகையோடு ஓடினால் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் மூச்சு வாங்கும்.

3. ஆவணி பிறந்ததும் தொடங்குங்கள். ஜனவரி முதல் வாரப் பந்தயத்துக்கு ஆவணி முதல் தேதியிலிருந்து எண்ணினால் சரியாக 20 வாரம் கிடைக்கும். 16 வாரத்தில் தயாராகிறவர்களும் உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் புயலும் நம் கடற்கரையில் எப்படியும் சில நாட்களைத் தின்றுவிடும். அந்த நான்கு வாரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. வாரத்துக்கு நான்கு நாள் போதும். செவ்வாய் 6, வியாழன் 8, சனி 5 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். மற்ற நாட்களில் ஓய்வு, நடை, வீட்டு வேலை. தினம் ஓடினால்தான் பலம் வரும் என்பது தவறு. ஓய்வெடுக்கும் நாளில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

5. ஞாயிறு ஓட்டத்தை இப்படி ஏற்றலாம். கணக்கு கிலோமீட்டரில்:
1–4 வாரம்: 8, 10, 12, 9
5–8 வாரம்: 14, 16, 18, 12
9–12 வாரம்: 20, 22, 24, 16
13–17 வாரம்: 26, 20, 28, 20, 30
18, 19-ஆம் வாரம்: 20, 12
20-ஆம் வாரம்: பந்தயம்.
நடுநடுவே தூரம் இறங்குவது சோம்பலுக்காக அல்ல, காலுக்கு இளைப்பாறல் தருவதற்காக. 30 கிலோமீட்டர் ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பின்னால் பணம் திரட்டவும் இதே தாள்தான் உதவும்.

6. நடந்து நடந்து ஓடுங்கள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பிரித்துக்கொண்டால் புதியவர்களுக்கு அடிபடுவது குறையும். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே உலகமெங்கும் பரப்பிய முறை இது, வெட்கப்பட எதுவுமில்லை. வேகம் சரிதானா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு முட்டாமல் பேச முடிந்தால் சரியான வேகம்.

காப்பகத்தைத் தேர்ந்தெடுக்க

7. நேரில் போய்ப் பாருங்கள். காலையில் கூண்டு கழுவும் நேரத்துக்குப் போனால் உண்மை தெரியும். பார்வோ, டிஸ்டம்பர் போன்ற தொற்றுநோய் வந்த குட்டிகளைத் தனியாக வைத்திருக்கிறார்களா? தண்ணீர்ப் பாத்திரத்தில் பாசி படிந்திருக்கிறதா? டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்? வந்தவை, குணமாகிப் போனவை, தத்துப் போனவை, இறந்தவை என்று பதிவேடு இருக்கிறதா? இறந்த கணக்கை மறைக்காமல் காட்டுகிற இடத்தை நம்பலாம். நோய்வாய்ப்பட்ட பிராணிகள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் ஒன்றுகூட சாகவில்லை என்றால் ஏதோ இடிக்கிறது.

8. காகிதங்களைக் கேளுங்கள். அறக்கட்டளை அல்லது சங்கப் பதிவு, வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி, இந்திய விலங்குகள் நல வாரிய அங்கீகாரம் ஆகியவை முக்கியம். இந்த வாரியம் பிறந்த கதையில் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் (ஈசிஆர்) தலைமாட்டுக்கும் பங்குண்டு. அங்கே இருக்கும் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து போராடியதன் பலன் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. 2018-ல் ஹரியானாவுக்குப் போகும் வரை அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

9. 'எத்தனை நாய் வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்காதீர்கள். 'எத்தனைக்குக் கருத்தடை செய்தீர்கள்' என்று கேளுங்கள். 1959-ல் விமானி கேப்டன் வி. சுந்தரம் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கிவந்து காப்பாற்றியதிலிருந்து வளர்ந்தது சென்னையின் ப்ளூ கிராஸ். அவர்கள் 1964-லேயே தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கிவிட்டார்கள். நாயைப் பிடித்துக் கொல்வதைச் சென்னை மாநகராட்சி கைவிட்டு அந்த வழிக்கு வந்தது 1996-ல். 2023-ஆம் ஆண்டின் கருத்தடை விதிகளும் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதைத்தான் அடிப்படையாகக் கொண்டவை. அடைத்து வைப்பதைவிட அறுவை சிகிச்சை மேசைக்குப் போகும் பணம்தான் அதிக தூரம் ஓடும்.

10. நாய், பூனை மட்டும்தானா? மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. நுழைவுச் சீட்டு வருமானத்தை நம்பியிருந்த அந்த இடம், 2020 ஊரடங்கில் கதவை மூடவேண்டி வந்தபோது பொதுமக்களிடம் உதவி கேட்டது. கூட்டம் வராவிட்டாலும் முதலைக்குத் தீனி போட்டாக வேண்டுமே! அங்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் ஒரு விலங்கின் செலவை ஏற்கும் தத்துத் திட்டம் உண்டு. நடிகர் சிவகார்த்திகேயன் 2018-ல் வண்டலூரின் 'அனு' என்ற வெள்ளைப் புலியை அப்படித்தான் தத்தெடுத்தார். பிள்ளைகளும் சேர்ந்து பணம் திரட்டுவதாக இருந்தால், ஒரு விலங்கின் பெயரைச் சொல்லிக் கேட்பது எளிது.

11. விலைப்பட்டியல் வாங்குங்கள். ஒரு நாய்க்குக் கருத்தடைச் செலவு எவ்வளவு, ஒரு நாள் சோற்றுக்கு எத்தனை கிலோ அரிசி, ஆம்புலன்ஸ் டீசல் மாதம் எவ்வளவு என்று காப்பகத்தாரிடம் எழுதி வாங்குங்கள். 'விலங்குகளுக்கு உதவுங்கள்' என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'இது ஒரு நாயின் ஆபரேஷன் செலவு' என்றால் பையில் கை போகும்.

எங்கே, எப்படி ஓடுவது?

12. மாமல்லபுரத்தில் தினசரி ஓட்டத்துக்குக் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் இடையே சுற்றுலா வண்டிகள் வருமுன் சுற்றிவரலாம். 10 கிலோமீட்டர் வேண்டுமானால் வடக்கே சாளுவன்குப்பம் புலிக்குகை வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ கணக்கு சரியாகிவிடும். திருக்கழுக்குன்றத்துக்காரர்களுக்குக் கிரிவலப் பாதை இருக்கிறது. பௌர்ணமியன்று மட்டும் தவிர்க்கவும். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமே போகாமல் உள்தெருக்களையும் மைதானத்தையும் பயன்படுத்துங்கள்.

13. 30 கிலோமீட்டருக்கு இதைவிட நல்ல பாதை இல்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 17-ஆம் வாரத்துக்கென்றே போட்ட சாலை மாதிரி இருக்கும். பாதி வழியில் கழுகுகளுக்கு அமுது படைத்துப் பேர்பெற்ற வேதகிரி மலை வரும். அங்கே வீட்டார் ஒருவரைத் தண்ணீர், வாழைப்பழம், மாற்றுச் சாக்ஸோடு நிற்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பூஞ்சேரி வரை நேர் கிழக்கே ஓட்டம், எழுகிற சூரியன் கண்ணிலேயே குத்தும். முன்பக்கம் நீண்ட தொப்பி கட்டாயம். திரும்பி வர பஸ் உண்டு. ஈர பனியனோடு ஏறாமல் ஒரு செட் துணி கொடுத்தனுப்புங்கள்.

14. இருட்டில் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். அதாவது சாலையின் வலது ஓரம். சென்னையில் ஃபுல் மாரத்தான் அதிகாலை 4 மணிக்கே தொடங்குவதால் இருட்டில் ஓடிப் பழகத்தான் வேண்டும். ஆனால் ஞாயிறு விடியற்காலை ஈசிஆரில் காரும் பைக்கும் பறக்கும். ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை, நெற்றி விளக்கு இல்லாமல் இறங்காதீர்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். தனியாக அல்ல, இரண்டு மூன்று பேராக ஓடுங்கள். ஓடும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

15. மணலில் அளவோடு ஓடுங்கள். கடல் வற்றும் நேரத்தில், அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் ஓடலாம். காய்ந்த மணலில் ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கரை சரிவாக இருப்பதால் ஒரே திசையில் நெடுநேரம் ஓடினால் ஒரு பக்க முழங்கால் மட்டும் வலிக்கும், பாதியில் திரும்புங்கள். செருப்பில்லாமல் ஓட ஆசையிருந்தால் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். தூண்டில் முள், பாட்டில் ஓடு, அறுந்த வலை எல்லாம் கிடக்கும், பார்த்து.

16. டார்ச்சுக்குச் சிவப்புத் தாள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்குத்தான் வருகின்றன. வெள்ளை வெளிச்சம் அவற்றைக் குழப்பும்; பொரித்த குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கிப் போகும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். ஆமையைக் கண்டால் விலகி நில்லுங்கள், செல்ஃபி வேண்டாம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பும், 2002 முதல் ட்ரீ ஃபவுண்டேஷனும் இந்தக் கடற்கரையில் ஆமைகளுக்காக உழைத்துவருகின்றன. நீங்கள் பணம் திரட்டும் பட்டியலில் இவர்களும் இருக்கலாம்.

17. நாய் துரத்தினால் நின்றுவிடுங்கள். ஓடுகிறதைத் துரத்துவது அதன் சுபாவம். ஓட்டத்தை நிறுத்தி, கண்ணோடு கண் பார்க்காமல், பக்கவாட்டில் மெதுவாக நடந்து விலகுங்கள். கல்லெடுத்தால் நாளைக்கும் உங்களை நினைவு வைத்திருக்கும். குட்டி போட்ட நாய் இருக்கும் தெருவைச் சில வாரம் தவிர்க்கவும்.

18. கடித்துவிட்டால், சின்னப் பல் பட்ட கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். காப்பகத்தில் அடிக்கடி கைகொடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

19. அடிபட்ட பிராணியை வழியில் கண்டால் முதலில் வாகனங்களைக் கவனித்து உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் நாய் பழகியவரையே கடிக்கும். முகத்தைத் துணியால் தளர்வாக மூடி, கெட்டியான துண்டு அல்லது சாக்கின் மேல் நகர்த்தி ஓரமாக்குங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாடு, ஆடு என்றால் 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். காப்பகத்தின் எண்ணைப் போனில் பதிந்து வைத்திருங்கள். இடத்தின் லொகேஷனையும் ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பினால் வண்டி தேடி அலைய வேண்டியதில்லை.

அடுக்களையிலிருந்து

20. ஓடுமுன் லேசாகச் சாப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு அரை டம்ளர் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் போதும். லாங் ரன் என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டுக்கொண்டு. மிளகாய்ப்பொடியும் சாம்பாரும் ஓட்டத்துக்குப் பிறகு. இட்லியை முந்தின இரவே வார்த்து ஹாட்பேக்கில் வைத்தால் மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டாம்.

21. உங்கள் வியர்வையை அளந்து பாருங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் அடுத்தவர் சொல்லும் தண்ணீர்க் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஓடுமுன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவந்து நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அதைவிட அதிகமாகக் குடிக்கக் கூடாது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், குழப்பம், வலிப்பு வரை போகும்.

22. உப்புக்கரைசல் செய்யும் முறை: கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை உறையில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரைக்கவும், பாதி பாதியாகப் போடாதீர்கள். வீட்டில் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எலுமிச்சை பிழிந்தால் வாய்க்குப் பிடிக்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

23. இடுப்புப் பையில் என்ன? ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. பேரீச்சை, கடலைமிட்டாய், வெல்லத்துண்டு எதுவானாலும் பயிற்சியிலேயே சாப்பிட்டுப் பழகுங்கள். பந்தயத்தன்று யாரோ நீட்டினார்கள் என்று புதிதாக எதையும் வாயில் போடாதீர்கள்.

24. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு. கேழ்வரகுக் கூழும் மோரும், அவித்த முட்டை இரண்டு அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். பழைய சோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்தாலே பாதிக் களைப்பு போகும்.

25. தெருநாய்க்கு மிச்சத்தைப் போடுமுன் பாருங்கள். உப்பு, மசாலா இல்லாத சோறு, தயிர்ச்சோறு, வேகவைத்த முட்டை நல்லது. வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை நாய்க்கு நஞ்சு. ஆகவே உலர்திராட்சை போட்ட கேசரியும் பாயசமும் கூடாது. சமைத்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் கிழிக்கும்.

உடம்பும் உடுப்பும்

26. ஷூவை மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் ஆகும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் உழைக்கும். இந்த 20 வாரத்துக்கு ஒரு ஜோடி போதும். ஆனால் மழைக்காலத்துக்காக இரண்டை மாற்றி மாற்றிப் போடுவது வசதி.

27. நனைந்த ஷூவை வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்தகட்டை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி மூக்கு வரை திணித்து, விசிறிக்கு எதிரில் சாய்த்து வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், தாள் சொதசொதவென்று இருக்கும். எடுத்துவிட்டுப் புதுத் தாள் திணித்தால் காலைக்குள் காய்ந்துவிடும். வாடைக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடாவை இரவு தூவி, காலையில் தட்டிவிடவும். நாய் வளர்ப்பவர்கள் ஷூவை அலமாரிக்குள் வையுங்கள். அதற்கும் அந்த வாடை ரொம்பப் பிடிக்கும்.

28. உரசல் காயத்துக்கு முன்ஜாக்கிரதை. அக்குள், உள்தொடை, மார்புக்காம்பு, உள்ளாடைப் பட்டை படும் இடம் எல்லாவற்றிலும் வாஸ்லின் தடவிக்கொண்டு ஓடுங்கள். பருத்தி பனியனும் பருத்தி சாக்ஸும் வியர்வையைப் பிடித்துவைத்துத் தோலை அறுக்கும். ஓட்ட உடுப்பைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள். துணி வியர்வையை வெளியேற்றுவது நின்றுபோகும்.

29. அடைமழைக் காலத்தில் தோலைக் கவனியுங்கள். ஓடி வந்ததும் ஈர உடுப்பைக் கழற்றி, விரலிடுக்கு வரை துடையுங்கள். படர்தாமரை வந்தால் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். முதலில் அடங்கி, பிறகு பரவும். காலில் புண்ணோடு தேங்கிய நீரில் ஓடினால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் 'ஓட்டத்தால் வந்த வலி' என்று நினைத்துவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

30. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கும். இந்த மருந்தின் கதை விலங்குகளுக்காக ஓடுபவர்கள் அறிய வேண்டியது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடுகள் செத்தபின் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, நாடெங்கும் அவற்றை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. 2006-ல்தான் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். ஓடும்போது கூர்மையாக ஒரே இடத்தில் வலித்தால் மாத்திரை தேடாமல் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

பணம் திரட்ட

31. பந்தயத்துக்கு அல்ல, பயிற்சிக்குப் பணம் கேளுங்கள். மேலே உள்ள அட்டவணைப்படி 20 வாரப் பயிற்சி மொத்தம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் 700 ரூபாய். வாரத்துக்கு 35 ரூபாய்தான், ஒரு டீ, வடைக் காசு. இப்படி 40 பேர் சேர்ந்தால் 28,000. ஒரேயடியாக 700 ரூபாய் கேட்டால் யோசிப்பவர் இதற்கு யோசிக்க மாட்டார். காப்பகத்துக்கும் மாதாமாதம் வருகிற பணம்தான் சோற்றுக் கணக்குப் போட உதவும். உங்களுக்கும் இது கடிவாளம்: அடுத்த தெரு அத்தை 'இந்த வாரம் எவ்வளவு ஓடின?' என்று கேட்பார் என்று தெரிந்தால் அலாரத்தை அணைக்க மனம் வராது.

32. பணம் உங்கள் கைக்கு வரவே கூடாது. காப்பகத்தின் கணக்குக்கோ அதன் க்யூஆர் கோடுக்கோ நேராக அனுப்பச் சொல்லுங்கள். குறிப்பில் உங்கள் பெயரை எழுதச் சொன்னால் காப்பகம் தனியாகக் கணக்குக் காட்டும். யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இணையவழி நிதிதிரட்டும் தளத்தைப் பயன்படுத்தினால் அது எத்தனை சதவீதம் பிடித்துக்கொள்கிறது என்று முதலில் பாருங்கள்.

33. ரசீதும் வரிச்சலுகையும். 80ஜி உள்ள காப்பகம் என்றால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கழிவு கிடைக்கும். புதிய முறையில் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. கொடுப்பவரின் பான் எண்ணை வாங்கிக் காப்பகத்திடம் கொடுங்கள். வெளிநாட்டு உறவினர் விஷயத்தில் கவனம்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத காப்பகம் அதைத் தொடக் கூடாது.

34. பணமில்லாதவர் பழைய துணி கொடுக்கட்டும். செய்தித்தாள், கிழிந்த போர்வை, துண்டு, சணல் சாக்கு, எவர்சில்வர் தட்டு எல்லாம் காப்பகத்துக்குத் தேவை. மார்கழிக் குளிரில் குட்டிகளுக்குக் கீழே விரிக்க ஒரு பழைய புடவையே போதும். ஊக்கு, ஜரிகை, பொத்தானை நீக்கித் துவைத்துக் கொடுங்கள். பஞ்சுத் தலையணை வேண்டாம், கிழித்துத் தின்றுவிடும்.

35. வேஷம் கட்ட ஆசையா? 1981-ல் தொடங்கிய லண்டன் மாரத்தானும் 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தானும் நன்கொடை ஓட்டத்துக்குப் பேர்பெற்றவை. லண்டனில் காண்டாமிருகப் பாதுகாப்புக்காக ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள காண்டாமிருக உடையைச் சுமந்து ஓடுபவர்களே உண்டு. நம் புழுக்கத்தில் அது ஆபத்து. நாய்க்காது வைத்த தலைப்பட்டையும், முதுகில் காப்பகத்தின் க்யூஆர் கோடு அச்சிட்ட மெல்லிய பனியனும் போதும். பின்னால் வருபவர் மூச்சு வாங்க நிற்கும்போது ஸ்கேன் செய்யட்டும்.

பந்தயமும் பிறகும்

36. முந்தின நாளே பந்தய எண்ணை (பிப்) பனியனில் ஊக்கால் குத்தி, கால் நகம் வெட்டி, பழகிய ஷூவையும் சாக்ஸையும் எடுத்து வையுங்கள். முதல் 10 கிலோமீட்டரை 'இவ்வளவு மெதுவாகவா' என்று தோன்றும் வேகத்தில் ஓடுங்கள். 30-க்குப் பிறகுதான் மாரத்தானே தொடங்குகிறது. தலைசுற்றல், வியர்வை நின்றுபோதல், நெஞ்சு இறுக்கம் வந்தால் நின்று மருத்துவக் குழுவிடம் போங்கள். பாதியில் நின்றாலும் 700 கிலோமீட்டருக்கான பணம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. பத்து நாளுக்குள் மொத்த வசூல், காப்பகத்தின் ரசீது, என்ன வாங்கினார்கள் என்ற விவரம் மூன்றையும் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். கையோடு, 'மாதம் 150 ரூபாயை வங்கியில் தானாகப் போகும்படி வைத்துவிடலாமா?' என்றும் கேளுங்கள். நாற்பதில் பத்துப் பேர் சம்மதித்தாலே வருடத்துக்கு 18,000 ரூபாய், அதுவும் யாரும் ஓடாமலே.